இரண்டாம் நாளில் தொலையும் நேரம்

யர்மிலா போட்ட திட்டத்தில், இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் ஒரு கால்மணி நேரம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறதென்று அவளுக்குப் பிடிபடவேயில்லை.

பிராக் நகரத்தை மூன்று நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். வெளியிலிருந்து பார்த்தால் இடங்களின் பெயரை வரிசையாக எழுதுகிற வேலை மாதிரி இருக்கும். அப்படியில்லை. மேட்டில் இருக்கும் கோட்டைக்கு டிராமில் ஏறிப் போக வேண்டும், இறங்கும்போதுதான் நடக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் நாளே முழங்கால் கோபித்துக்கொள்ளும். மணி அடிக்கிற நேரத்தில் கூட்டமெல்லாம் கடிகாரக் கோபுரத்தடியில் அண்ணாந்து நிற்கும். அந்தச் சில நிமிஷம் பக்கத்துச் சந்துகள் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருக்கும், அப்போது அவற்றில் நுழைந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், நல்ல திட்டத்தில் கொஞ்சம் தொய்வு வேண்டும், சைக்கிள் சங்கிலியில் இருப்பது போல. இழுத்துப் பூட்டினால் அறுந்துவிடும். ரொம்பத் தளர்த்தினால் கழன்றுவிடும்.

அவள் அந்தத் தொய்வை எவ்வளவு கூட்டினாலும் இரண்டாம் நாள் அதைத் தின்றுவிட்டது. சாப்பாட்டுக் கடையிலிருந்து சரியாகக் கிளம்புகிற கூட்டம் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்போது படகு போயிருக்கும். இடையில் இருப்பது என்ன? இரண்டு தெரு, ஒரு வீடு.

வீடு என்றால், ஊடே நடந்து போகிற வீடு. பழைய நகரத்து வீடுகள் முகம் குறுகி, உள்ளே நீண்டு, முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. இந்த வீட்டின் முற்றமும் பின்வீட்டின் முற்றமும் ஒன்றாகிவிட்ட இடத்தில், ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வந்துவிடலாம். இப்படிப்பட்ட குறுக்குவழிகளைத் தெரிந்துவைத்திருப்பதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. யர்மிலாவுக்கும் உண்டு. வாசல் வளைவின் மேல் கல்லில் ஒரு வாத்து செதுக்கிய அந்த வீட்டை அவள் அந்தப் பெருமையில்தான் திட்டத்தில் சேர்த்தாள்.

கூட்டத்தை அழைத்துப் போகிறவன் அவள் தம்பி ராதெக்.

"வழியில பீர்க்கடை ஏதாவது கண்ணுல படுதாடா?" என்று கேட்டாள்.

"நான் பீரை விட்டு வருஷம் ஆகுது அக்கா. உன் கடிகாரத்துக்குத்தான் குடிப்பழக்கம்."

"வாயி மட்டும் குறையலை."

மற்றதெல்லாம் குறைந்திருந்தது. அதுதான் அவள் கவலை. படகு போனால் போகட்டும், அடுத்த படகு வரும். ராதெக் இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். வேலை பார்த்த உணவுவிடுதியை மூடினார்கள், மனைவி கிளம்பிப் போனாள், இவன் அக்கா வீட்டுச் சின்ன அறைக்கு வந்து படுத்துக்கொண்டான். இந்த வழிகாட்டி வேலைதான் அவனை எழுப்பி நிற்க வைத்தது. வசந்தத்திலிருந்து நன்றாகத்தான் இருந்தான். செஸ்ட்நட் இலைகள் உதிரத் தொடங்கியபோது வேறு ஏதோ தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தும் கோட்டைக் கழற்றமாட்டான். காலணியைக்கூடக் கழற்றமாட்டான், அந்த ஊரில் மீட்டர் பார்க்க வருகிறவன்கூட வாசலில் காலணியைக் கழற்றாமல் உள்ளே கால் வைப்பதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து சூப்பை இரண்டு கரண்டி குடிப்பான். எழுந்து கதவு வரை போவான், திரும்பி வருவான்.

"எங்கடா போகணும் உனக்கு?"

"தெரியல அக்கா." கொஞ்சம் யோசித்தான். "போகணும்னுகூட இல்ல. எங்கேயிருந்தோ இன்னும் கிளம்பாத மாதிரி இருக்கு."

 அதே வார்த்தைகளை அவள் வேறிடத்தில் படித்திருந்தாள். ஊர் திரும்பிய விருந்தினர்கள் எழுதும் மின்னஞ்சல்களில். 'இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை போலவே இருக்கிறது. வீட்டில் உட்கார முடியவில்லை. மறுபடி வர வேண்டும்.' அதையெல்லாம் பாராட்டு என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். இங்கெபோர் என்ற டென்மார்க்காரி இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள். 'வளைவுக்கு அடியில் ஜன்னலருகே இருந்த பெரியவர் எங்களிடம் எதற்காகக் காத்திருந்தார்?'

"அந்த வீட்டு ஜன்னல்ல யாருடா பெரியவர்?"

"எந்த ஜன்னல்?" என்றான் ராதெக். "காவல்காரர் அறை ஜன்னலா? உள்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டிக் கெடக்கு. ஆளெல்லாம் இல்ல."

சொல்லிக்கொண்டே கோட்டின் மேல் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டான்.

மறுநாள் யர்மிலா தனியாகப் போனாள். திட்டம் ஓடவில்லை என்றால் அதை நடந்து பார்க்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வாத்துக்கு அடியில் நுழைந்தாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை. இடது பக்கம் காவல்காரர் அறை, பழுப்புக் காகிதம் ஒட்டிய சின்ன ஜன்னல். பிறகு முற்றம், அதில் ஒரு திருப்பம், இன்னொரு வளைவு, அடுத்த தெரு. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். திரும்ப உள்ளே போய் நடந்து பார்த்தாள். அதே நேரம்தான்.

முற்றத்தைச் சுற்றி ஓடிய மாடி நடையில் ஒரு பெண் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். போஷெனா என்று பெயர், அங்கேயே குடியிருப்பவள்.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றாள் மேலிருந்து.

"ஜன்னல் அறையில யாராவது இருக்காங்களா அம்மா?"

"காவல்காரர் வேலையையே எடுத்துட்டாங்களே. நான் கல்யாணம் ஆகி வந்தப்பவே அது பூட்டித்தான் கெடந்துச்சு." கம்பளத்தைக் கம்பியில் போட்டாள். "வாரா வாரம் கூட்டத்தைக் கூட்டிட்டு வந்து கத்தவிடற நெட்டையன் உங்க ஆளா?"

"என் தம்பி. என்ன கத்தறாங்க?"

"என்னத்த, வணக்கம் வணக்கம்னு. கிளிப்பிள்ளைங்க மாதிரி. நாங்க யாரும் அந்த வளைவுக்குக் கீழ வாயைத் தொறக்கறதில்ல."

"ஏன்?"

"பழக்கம்." போஷெனா கம்பளத்தை ஓங்கி அடித்தாள். தூசு கீழே வந்தது. பிறகு, கேட்காமலே சொன்னாள். "அவங்க நுழையறது எனக்குக் கேக்கும். வெளிய போறது கேக்கறதே இல்ல."

அடுத்த கூட்டம் வந்த நாளில் யர்மிலா அடுத்த தெருவிலிருக்கும் வெளிவாசலில் போய் நின்றுகொண்டாள். நவம்பர் முடிகிற சமயம்; மூன்றரை மணிக்கே வெளிச்சம் வடிய ஆரம்பித்துவிடும். கற்களில் நீர் மினுங்கியது. நிலக்கரிப் புகை தெருவில் தாழ்ந்து கிடந்தது.

அந்தப் பக்கம் வாத்து வளைவில் ராதெக்கின் குரல் கேட்டது. நன்றாகப் பழகிய, உரத்த குரல். "எங்க ஊர்ல கடைக்குள்ள போனாலும், லிஃப்டுல ஏறினாலும், டாக்டர் வீட்டுக்குப் போனாலும், முதல்ல அங்க இருக்கறவங்களுக்கு வணக்கம் சொல்லணும். தோப்ரி தென். எங்க, சேர்ந்து சொல்லுங்க பாப்போம்."

வளைவு வாய்ப்பான இடம். வட்டக் கூரை ஒலியை வாங்கிப் பெருக்கித் திருப்பித் தரும். விருந்தினர்கள் சிரித்தபடி சேர்ந்து சொன்னார்கள். ஒலி முற்றத்தில் சுழன்று யர்மிலா வரைக்கும் வந்தது.

பிறகு காலடிச் சத்தம்.

அது நெருங்கவில்லை. விலகவும் இல்லை. ஈரக் கல்லில் பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கால்கள் ஒரே தூரத்தில் நடந்துகொண்டே இருந்தன.

தெருவிளக்கு எரிந்தது. எதிர்க்கடைக்காரர் பலகையை உள்ளே எடுத்தார். கால்கள் நடந்துகொண்டே இருந்தன.

சட்டென்று கூட்டம் வெளியே வந்தது, ஒன்றுமே நடக்காததுபோல் பேசிக்கொண்டு. தலைகளில் அவள் தம்பியின் தலை இல்லை.

"உங்க வழிகாட்டி எங்க?"

"பின்னாலதான் வந்தாரு" என்றார் முன்னால் வந்த போர்த்துக்கீசியக் கிழவர். "உங்க ஊர் வீடு ரொம்பப் பெரிசுங்க. நடந்து நடந்து வழியே தெரியல. நான் அந்த ஜன்னல்காரருக்குத் தொப்பியை எடுத்து, வரேங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம்தான் வாசல் கண்ணுக்குப் பட்டுது."

அவர்களைப் படகுத்துறைக்கு வழிசொல்லி அனுப்பிவிட்டு யர்மிலா உள்ளே போனாள்.

முற்றத்தில் யாரும் இல்லை. மாடி நடையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு இன்னொரு வாசனையும் சேர்ந்திருந்தது. தரைக்குப் பூசும் மெழுகும், வண்டல் அடியில் தங்கிய காப்பியும். ஆள் இருக்கிற அறையின் வாசனை.

திருப்பத்தைத் தாண்டினாள்.

ராதெக் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தான். தொப்பியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்து, கால்களைச் சேர்த்து, கூப்பிடக் காத்திருக்கும் நோயாளியைப் போல.

ஜன்னலில் காகிதம் இல்லை.

உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணாடியின் உள்பக்கம், ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில், வட்டமாக ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது.

முகம் இல்லை.

"ராதெக்" என்று கிசுகிசுத்தாள்.

"இரு அக்கா. இன்னும் முடியல."

"என்ன முடியல?"

"தெரியல. அவரு காத்திட்டிருக்காரு."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வந்தான், மறுக்காமல். முற்றத்தைக் கடந்தார்கள், திருப்பத்தில் திரும்பினார்கள், வெளிவாசல் வளைவுக்குள் கால் வைத்தார்கள்.

இடது பக்கம் மஞ்சள் ஜன்னல்.

மறுபடி நடந்தார்கள். முற்றம், திருப்பம், வளைவு.

இடது பக்கம் மஞ்சள் ஜன்னல். கண்ணாடியில் ஆவி படிந்தது, மறைந்தது. பொறுமையாக.

இந்த முறை யர்மிலா அவன் கையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நாலு அடி வைத்துப் பார்த்தாள். தெரு தெரிந்தது. விளக்கு, ஈரக்கல், நாயோடு போகும் ஒரு மனிதர். தனியாக என்றால் வழி இருந்தது. திரும்பி வந்து தம்பியின் கையைத் தொட்டாள். தெரு இல்லை.

"நீ போ அக்கா" என்றான் ராதெக். "குளிருது உனக்கு."

"வாயை மூடு."

அவள் பயந்திருந்தாள். ஆனால் பயத்துக்கு நடுவிலும் அவள் மூளை பழகிய தடத்தில்தான் ஓடியது. திட்டம் சிக்கினால் என்ன செய்வாள்? ஓடுகிற நாளையும் ஓடாத நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் வேறுபாடு என்று பார்ப்பாள். அவள் தனியாக நடந்தபோது நேரம் தொலையவில்லை. கூட்டம் நடந்தால் தொலைகிறது. அவள் வாய் திறக்கவில்லை. கூட்டம் வணக்கம் சொல்கிறது. ஒரு நடைவழியில் யார் வணக்கம் சொல்வார்கள்? அது தெரு. தெருவில் சொல்ல மாட்டார்கள். அறைக்குள் நுழைந்தால்தான் சொல்வார்கள். சொன்னதும் அது அறை ஆகிவிடுகிறது. அவர்கள் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள்.

அறைக்குள் வந்தவர்கள் கிளம்பும்போது என்ன செய்வார்கள்? மருந்துக்கடையில், லிஃப்டில், டாக்டர் வீட்டில், முன்பின் தெரியாதவர்களிடம்கூட?

தொப்பியை எடுத்த கிழவருக்கு வாசல் தெரிந்தது. மற்றவர்கள் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். உடம்பு மட்டும் வந்தது. ராதெக் எப்போதும் கடைசியில் நடந்து, முன்னால் போகிறவர்களின் தலையை எண்ணுகிறவன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே, வாரா வாரம். இத்தனை வாரம் அவனும் யார் முதுகையோ பிடித்துக்கொண்டு வெளியே வந்தான், இன்றைக்கு அது முடியவில்லை.

"ராதெக், அவரைப் பாரு. வரேன்னு சொல்லு."

"என்ன?"

"கிளம்பறேன்னு மரியாதையா சொல்லுடா. அம்மா உனக்கு இதைக்கூடவா சொல்லித் தரலை?"

அவன் ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்தான். 

"வரேங்க."

ஆவி படிவது நின்றது.

உள்ளேயிருந்து, வெகுநாள் பேசாத தொண்டையின் வறட்சியோடு, ஒரு குரல் சொன்னது. "போய் வாங்க."

யர்மிலா அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். முற்றம், திருப்பம், வளைவு.

இடது பக்கம் மஞ்சள் ஜன்னல். ஆனால் வெளிச்சம் ஒரு பிடி குறைந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு வருகைக்கு ஒரு விடை. இவன் எத்தனை முறை இந்த வளைவுக்கு அடியில் நின்று வணக்கம் சொல்லியிருக்கிறான்? வசந்தம் முழுக்க, கோடை முழுக்க, இலை உதிர்ந்த வாரங்கள் முழுக்க. அத்தனை ராதெக்கும் இன்னும் கிளம்பாமல் இங்கே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

"மறுபடி சொல்லு."

"சொல்லிட்டேனே அக்கா."

"மறுபடி. நான் போதும்கற வரைக்கும்."

சொன்னான். பதில் வந்தது. சொன்னான். பதில் வந்தது. அவனும் சரி, அந்தக் குரலும் சரி, அவசரப்படவில்லை; அவசரப்படக் கூடாது என்று யர்மிலாவுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் விளக்கு கொஞ்சம் தாழ்ந்தது, மெழுகு வாசனை கொஞ்சம் இளைத்தது. ராதெக்கின் குரல் கரகரத்தது. பாதியில் அழத் தொடங்கினான், அழுதுகொண்டே சொன்னான். அவன் முதுகில் கை வைத்திருந்த யர்மிலா, அந்த முதுகு ஒரு சுமையை ஒவ்வொரு கல்லாக இறக்கிவைப்பதை உணர்ந்தாள்.

கடைசியில் அவன் "வரேங்க" என்றபோது பதில் உடனே வரவில்லை.

நின்றார்கள்.

மிக அருகில், கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தில், குரல் வந்தது.

"போய் வாங்க."

பழுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல். இருட்டு. நாலு அடி தள்ளித் தெரு.

வீட்டுக்குப் போகும் டிராமில் ராதெக் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு, எச்சில் ஒழுக, எங்கேயும் போகவேண்டியதில்லாதவனின் தூக்கம். இறங்கவேண்டிய இடத்தில் அவனை எழுப்ப மனமில்லாமல் யர்மிலா கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினாள்.

அந்த வீட்டைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். முடியவில்லை. உட்கார முடியாமல் தவிக்கும் விருந்தினர்கள் எத்தனையோ ஊர்களில் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் எழுதினாள்: இன்னொரு முறை வாருங்கள், ஒரு பகல் போதும், பாக்கி இருக்கும் ஓர் இடத்தை முடித்துவிடலாம். முதலில் வந்தவள் இங்கெபோர். வளைவுக்கு அடியில் வெறும் காகிதத்தைப் பார்த்துத் தன் மொழியில் விடைபெற்றாள். வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள டேனிஷ் பேசறவர் ஒருத்தர் இருக்கறதா நீங்க சொல்லவே இல்லையே" என்றாள்.



அதற்குப் பிறகு இரண்டாம் நாள் மதியம் நேரம் தொலையவில்லை. எந்தக் கூட்டமும் படகைத் தவறவிடவில்லை. திட்டத்தில் இப்போது அந்த வீட்டுக்கு நேராக இப்படி இருக்கிறது:

வாத்து வளைவுக்கு அடியில் யாரும் வணக்கம் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால் பரவாயில்லை. முற்றத்துக்குள் போகும் முன், இடது பக்க ஜன்னலைப் பார்த்து நின்று, ஒவ்வொருவரும் தனித்தனியாக விடைபெறவும். எந்த மொழியானாலும் சரி. பதில் வந்த பிறகு நடக்கவும்.